ஆறு தானாகச் சுத்தமாகுமா? நுண்ணுயிர், வேர், விழா பற்றி ஓர் எளிய விளக்கம்

"பாக்டீரியாவைப் போட்டு ஆற்றைச் சுத்தம் செய்கிறார்கள்." "செடி நட்டால் தண்ணீர் தானாகத் தெளிந்துவிடும்." "பழத்தோலை ஊறவைத்த நீரைக் கால்வாயில் ஊற்றினால் போதும்." சமூக மன்ற நிகழ்ச்சிகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த மூன்றையும் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது. அந்த ஓரளவு உண்மையை முழு உண்மையாக எடுத்துக்கொண்டு விழா எடுக்கும்போது, உழைப்பு வீணாகிறது. சில நேரம் தண்ணீருக்குத் தீங்கும் நேர்கிறது.

சிங்கப்பூரில் நீர்நிலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் மக்கள் கூடி எடுக்கும் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், செப்டம்பரில் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு, நவம்பரில் மரம் நடும் நாள் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டைச் சூழல் மீட்டெடுப்புக்கான பத்தாண்டாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்திருக்கிறது. அதனால் இனி இன்னும் கூடுதலாக அழைப்புகள் வரும். போவதற்கு முன் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இரண்டு சொற்கள்

மண்ணிலோ நீரிலோ கலந்துவிட்ட மாசை பாக்டீரியா, பூஞ்சை, தாவரம் போன்ற உயிர்களைக் கொண்டு சிதைப்பதற்கு அல்லது அகற்றுவதற்கு உயிரிவழி மாசகற்றல் என்று பெயர். 'பயோரெமிடியேஷன்' என்று பலர் சொல்வது இதைத்தான்.

கெட்டுப்போன ஓர் இடத்தின் நீரோட்டம், மண், தாவரம், விலங்கு ஆகியவற்றை, அந்த இடம் மறுபடி தன் போக்கில் இயங்கும் அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவது சூழல் மீட்டெடுப்பு.

முன்னது ஒரு பொருளைப் பற்றிய கேள்வி: இந்த எண்ணெயை, இந்த அம்மோனியாவை என்ன செய்வது? பின்னது ஓர் இடத்தைப் பற்றிய கேள்வி: இந்த ஆறு மறுபடி ஆறாக ஓட என்ன வேண்டும்? இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து நடக்கலாம். ஆனால் ஒன்று முடிந்துவிட்டால் மற்றதும் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. எண்ணெய் முழுவதும் போன கடற்கரையில் நண்டு திரும்பாமல் இருக்கலாம். பறவைகள் நிறைந்த குளத்தின் அடிச்சேற்றில் ஈயம் இருக்கலாம்.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. சென்னையின் பழைய குப்பைமேடுகளைத் தோண்டி, சலித்து, பிரித்தெடுக்கும் வேலையையும் சிலர் 'பயோரெமிடியேஷன்' என்றே குறிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு இயந்திரங்களின் வேலை. இங்கே நான் சொல்லப்போவது அதைப் பற்றியல்ல.

மாவு புளிப்பதைப் போல

இட்லிக்கு மாவு கரைக்கும்போது நாம் பாக்டீரியா வாங்கி வந்து போடுவதில்லை. அவை உளுந்திலேயே இருக்கின்றன. ஊறவைத்து, அரைத்து, உப்புப் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைக்கிறோம். மற்றதை அவை பார்த்துக்கொள்கின்றன. சிங்கப்பூர் வெக்கையில் ஓரிரவில் மாவு பொங்கிவிடும். அதே மாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாளானாலும் பெரிதாக அசையாது. மாவும் அதேதான், பாக்டீரியாவும் அதேதான். சூழ்நிலை மட்டும் வேறு.

உயிரிவழி மாசகற்றலின் அடிப்படையும் இதுதான். மாசைச் சிதைக்கக்கூடிய நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அந்த மண்ணிலும் நீரிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு எது குறைகிறது என்று கண்டுபிடித்து அதைக் கொடுப்பதே பெரும்பாலான இடங்களில் வேலை. இப்படி உள்ளூர் நுண்ணுயிர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து ஊக்குவிப்பது உயிரூக்கம். வெளியிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது உயிர்சேர்ப்பு. விழா மேடைகளில் அதிகம் பேசப்படுவது இரண்டாவது. திறந்தவெளியில் நம்பகமாகப் பலன் தருவதோ பெரும்பாலும் முதலாவதுதான். வெளியிலிருந்து வந்த நுண்ணுயிர்கள், அந்த இடத்து உப்புக்கும் வெப்பத்துக்கும் பல காலமாகப் பழகிய உள்ளூர் நுண்ணுயிர்களோடு போட்டியிட்டுத் தாக்குப்பிடிக்க வேண்டும். பல முறை அது நடப்பதில்லை.

ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று தேவையில்லை. எண்ணெயைச் சிதைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காற்று உயிர்நாடி.

எண்ணெயை எப்படித் தின்கின்றன?

2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் 'வாக்ஸ் மேக்ஸிமா' என்ற தூர்வாரும் கப்பல், நின்றிருந்த 'மரின் ஹானர்' என்ற எரிபொருள் கப்பல்மீது மோதியது. ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, லாப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, தென் தீவுகள் என்று கரைகள் கறுத்துப்போயின. அன்று தொண்டு செய்ய முன்வந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமிதம். அப்போது பலர் கேட்ட கேள்வி: "எண்ணெய் தின்னும் பாக்டீரியா இருக்கிறதாமே, அதைத் தூவிவிட்டால் என்ன?"

எண்ணெய் தின்னும் பாக்டீரியா இருப்பது உண்மை. 'அல்கானிவோராக்ஸ்' என்ற வகை உலகின் பல கடல்களில் மிகச் சிறிய எண்ணிக்கையில் வாழ்கிறது. எண்ணெய் கொட்டினால் மளமளவென்று பெருகுகிறது. எண்ணெய் என்பது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. பாக்டீரியாவிடம் உள்ள நொதி, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் ஆக்சிஜனைச் செருகுகிறது. அப்படிச் செருகியதும் சங்கிலி கொழுப்பமிலமாக மாறி, துண்டு துண்டாக உடைகிறது. கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயு, நீர், பெருகிய பாக்டீரியா.

எண்ணெயில் கரி ஏராளம். ஆனால் பாக்டீரியா தன் உடலைக் கட்ட நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அவை எண்ணெயில் போதிய அளவு இல்லை. கடல்நீரிலும் குறைவு. அதனால்தான் 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது, கரையில் அவர்கள் தூவியது உரம். அங்கேயே இருந்த நுண்ணுயிர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. சிங்கப்பூரிலும் ஆய்வாளர்கள் எண்ணெய் கலந்த கடற்கரை மணலில், மெல்லக் கரையும் உரத்தைச் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். சாதாரண உரம் போட்டால் அடுத்த அலையிலேயே கரைந்து போய்விடும். மெல்லக் கரைந்தால்தான் பயன்.

அலாஸ்காவில் இன்னொன்றும் தெரியவந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சில கரைகளில் கல்லுக்கும் சரளைக்கும் கீழே எண்ணெய் அப்படியே கிடந்தது. அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. தின்னும் பாக்டீரியா இருந்தும் தின்ன முடியவில்லை.

கப்பல் எரிபொருளிலோ தாரைப்போன்ற கனமான பகுதி அதிகம். நுண்ணுயிர்கள் எளிய சங்கிலிகளை முதலில் முடித்துவிட்டு, வளைய வடிவில் உள்ள கனமான மூலக்கூறுகளை நீண்ட காலம் விட்டுவைக்கும். ஆகவே கடற்கரையில் முதலில் செய்ய வேண்டியது கையாலும் இயந்திரத்தாலும் எண்ணெயையும் எண்ணெய்மணலையும் அள்ளுவதே. நம் தொண்டூழியர்கள் செய்ததும் அதுதான். அள்ள முடியாத மிச்சத்துக்குத்தான் நுண்ணுயிர்.

*இதுவரை:* மாசைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் எது குறைகிறதோ அதுவே வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

வேரைச் சுற்றி நடப்பது

"செடி தண்ணீரைச் சுத்தம் செய்யும்" என்பதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வேலையைச் செய்வது, செடியின் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம்.

செங்காங் ஆற்றோரப் பூங்காவை ஒட்டி, பொங்கோல் நீர்த்தேக்கத்தின்மீது ஒரு மிதக்கும் ஈரநிலம் இருக்கிறது. 2010இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அரைக் கால்பந்துத் திடல் அளவு. அங்கே செடிகளுக்கு மண் கிடையாது. வேர்கள் நேராக நீருக்குள் தொங்குகின்றன. ஒவ்வொரு வேரையும் வழுவழுப்பான ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கும். பாக்டீரியாக்கள் கூடி ஒட்டிக்கொண்டு உருவாக்கும் இந்தப் படலம் உயிர்ப்படலம். மிதந்து வரும் நுண்ணிய வண்டல் அதில் சிக்கிப் படிகிறது. அழுகும் இலை, உணவு மிச்சம், பறவை எச்சம் ஆகியவற்றிலிருந்து வரும் அம்மோனியாவும் அங்கேதான் மாறுகிறது.

இரண்டு கட்டமாக மாறுகிறது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. நாம் மூச்சு விடும் காற்றில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் இதே வாயுதான் என்பதால் தீங்கில்லை. ஒரு கட்டத்துக்கு ஆக்சிஜன் வேண்டும், மறு கட்டத்துக்கு அது இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் அமைவது வேரைச் சுற்றிய மண்ணிலும் உயிர்ப்படலத்திலும்தான். கோரை, சம்பு போன்ற நீர்த்தாவரங்கள் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு அனுப்புகின்றன. அதில் கொஞ்சம் வேரிலிருந்து கசிகிறது. வேரை ஒட்டி ஆக்சிஜன், சற்றுத் தள்ளி ஆக்சிஜனற்ற சேறு. எனக்கு இதில் ஓயாத வியப்பு. மனிதர் கட்டிய பெரும்பாலான சுத்திகரிப்பு ஆலைகளில் இந்த இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனித் தொட்டியோ தனித்தனி நேரமோ ஒதுக்க வேண்டியிருக்கிறது.

பீஷான்–அங் மோ கியோ பூங்காவின் மேல்பகுதியில் படிப்படியாக அமைந்த செடிப்பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். குளத்து நீர் அந்தப் பாத்திகள் வழியே மெல்ல இறங்கி, வடிகட்டப்பட்டுத் திரும்புகிறது. ஆனால் பிள்ளைகள் விளையாடும் நீர்த்திடலுக்குப் போகும் தண்ணீரை அதற்கு மேலும் புற ஊதாக் கதிரால் கிருமி நீக்குகிறார்கள். செடிப்பாத்தி எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று அமைத்தவர்களே எண்ணவில்லை.

*இதுவரை:* செடி வீடு கொடுக்கிறது, காற்றும் கொடுக்கிறது. வேரில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரஜன் மாசை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன.

எது அழியாது?

பாஸ்பரஸ் வாயுவாகிப் போவதில்லை. செடி அதை உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும். இலை உதிர்ந்து அழுகினால் அது மறுபடி தண்ணீருக்கே வந்துவிடும். ஆகாயத்தாமரை ஊட்டச்சத்தை விரைவாக உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அறுத்து வெளியே எடுக்காவிட்டால், அது மடிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடும், மீனும் சாகும். செடி நடும் விழா எடுப்பவர்கள் செடி அறுக்கும் நாளையும் அன்றே குறித்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்கள் தனிமங்கள். எந்த நுண்ணுயிராலும் அவற்றைச் சிதைத்து ஒன்றுமில்லாமல் ஆக்க முடியாது. கரையாத வடிவமாக மாற்றி மண்ணிலேயே கட்டிப்போடலாம். அல்லது சில தாவரங்களைக் கொண்டு உறிஞ்சவைத்து, அந்தத் தாவரத்தை அறுத்துப் பாதுகாப்பாக அகற்றலாம். அப்படி வளர்த்த செடியை ஆடு மாட்டுக்குப் போடக் கூடாது. உரமாக்கவும் கூடாது.

பிளாஸ்டிக்கை நுண்ணுயிர் தின்னும் என்ற செய்தியையும் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் சில வகை பிளாஸ்டிக்கை மெல்லச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. கரையில் கிடக்கும் பைக்கும் புட்டிக்கும் இன்றைக்கு நம் கைதான் மருந்து.

பழத்தோல் நீரும் மண் உருண்டையும்

நல்லெண்ணம் வழிதவறும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழத்தோல், பழுப்புச் சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் மூடி மூன்று மாதம் நொதிக்கவிட்டுக் கிடைக்கும் நீரை 'எக்கோ என்சைம்' என்கிறார்கள். வீட்டில் தரை துடைக்க அதைப் பயன்படுத்துவோர் உண்டு. அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. சமையலறைக் கழிவு குறைவதும் நல்லதே. ஆனால் அந்த நீரில் பெரும்பாலும் இருப்பது வினிகரில் உள்ளதைப் போன்ற அமிலங்களும் கரைந்த சர்க்கரை மிச்சமும். அதைக் கால்வாயில் ஊற்றினால், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இன்னொரு சாப்பாடு வந்து சேர்கிறது. அவை அதைத் தின்ன ஆக்சிஜனைச் செலவழிக்கும். நீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறதோ அதை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்கிறோம். இந்த அளவு கூடக்கூட மீனுக்கும் புழுவுக்கும் மிஞ்சும் ஆக்சிஜன் குறையும். சுத்தம் செய்யப் போய், அழுக்கின் கணக்கில் இன்னொரு வரியைச் சேர்த்துவிடுகிறோம்.

தவிடும் மண்ணும் நுண்ணுயிர்க் கரைசலும் பிசைந்த உருண்டைகளை ஆற்றில் எறியும் நிகழ்ச்சிகள் இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. பிள்ளைகள் கையால் உருட்டி எறிவதால் விழாவுக்கு அழகாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன இரண்டு சிக்கலும் இதிலும் உண்டு. வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர் ஓடும் நீரில் நிலைப்பது அரிது. தவிடும் ஓர் உணவுதான்.

சிங்கப்பூரில் இதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. நம் குளியலறைத் தண்ணீர் ஒரு குழாயில் போகிறது, மழைத் தண்ணீர் வேறு வழியில் போகிறது. புளோக்கின் கீழே ஓடும் கால்வாய் மழைநீருக்கானது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சுமார் 8,000 கிலோமீட்டர் நீளக் கால்வாய்களும் ஆறுகளும் மழைநீரை 17 நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன. தேக்கா பக்கம் நாம் தாண்டிப் போகும் ரோச்சோர் கால்வாயும் காலாங் வழியாக மரினா நீர்த்தேக்கத்தில்தான் கலக்கிறது. ஆகவே கால்வாயில் நாம் ஊற்றுவது குடிநீருக்கான மூலத்தில் ஊற்றுவது. எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும், பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கேட்காமல் நீர்நிலையில் எதையும் போடக் கூடாது.

வருவதை நிறுத்தாமல் எதுவும் நடக்காது

சிங்கப்பூர் ஆற்றின் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் படுகையிலும் மீன் வாழ வேண்டும் என்று இலக்கு வைத்தார். தொடர்ந்து நடந்த வேலைகளில் பெரும்பகுதி ஆற்றுக்கு வெளியே நடந்தது. ஆற்றங்கரைப் புறம்போக்குக் குடியிருப்புகளிலிருந்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவில் கடை போட்டவர்கள் உணவங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். சரக்குத் தோணிகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாறின. ஆற்றின் அடிச்சேறு தூர்வாரப்பட்டது. 1987இல் அதை நாடே கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டம் நியாயமானது. அதே வேளையில், வீட்டையும் தொழிலையும் விட்டுக்கொடுத்து அந்த ஆற்றுக்கு விலை கொடுத்த மக்களையும் அந்தக் கதையில் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அறிவியல் தரப்பில் அது காட்டுவது இதுதான்: அழுக்கு வந்துகொண்டே இருக்கும் ஆற்றில் எந்த நுண்ணுயிரும் எந்தச் செடியும் வெல்ல முடியாது. வரும் அழுக்கின் அளவு, நுண்ணுயிர்கள் சிதைக்கும் அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்குப் பிறகே இயற்கை தன் பங்கைச் செய்யத் தொடங்கும்.

காலாங் ஆறு மறுபடி வளைந்தபோது

இப்போது சூழல் மீட்டெடுப்புக்கு வருவோம். பீஷானில் காலாங் ஆறு பல ஆண்டுகள் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. வெள்ளத்தை விரைவாகக் கடலுக்கு அனுப்ப அன்று அதுவே சரியான வழியாகப்பட்டது. 2006இல் தொடங்கிய 'ஏபிசி' (துடிப்பான, அழகான, தூய்மையான) நீர்நிலைத் திட்டத்தின் கீழ் அந்தக் கான்கிரீட்டை உடைத்து, ஆற்றைப் பூங்காவுக்குள் வளையவிட்டார்கள். நீளம் 3.2 கிலோமீட்டர் ஆனது. 62 ஹெக்டர் பூங்கா 2012இல் புதிதாகத் திறக்கப்பட்டது. செலவு 76 மில்லியன் வெள்ளி.

வெப்பமண்டல மழையில் மண்கரை தாங்குமா என்பது பெரிய ஐயம். 2009இல் பூங்காவுக்குள் ஒரு பக்கக் கால்வாயில் 60 மீட்டர் நீளத்தில் பத்து முறைகளைச் சோதித்தார்கள். கல்லையும் மரக்கட்டையையும் அடுக்கி, இடையிடையே செடி வைத்து, வேர் இறங்கி மண்ணைப் பிடிக்கவிடும் முறைகள் அவை. கான்கிரீட் கரை கட்டி முடித்த புதிதில்தான் மிக வலுவாக இருக்கும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு தளரும். வேர்க்கரை ஆண்டுக்கு ஆண்டு வலுப்படும்.

அகலம்தான் இதில் முக்கியம். பழைய கால்வாய் 17 முதல் 24 மீட்டர்தான் அகலம். இப்போது பெருமழையில் ஆறு இருபுறப் புல்வெளியிலும் ஏறி ஏறத்தாழ 100 மீட்டர் வரை விரியும். மழை ஓய்ந்ததும் திரும்ப இறங்கும். அதனால் ஆறு கொண்டுசெல்லும் நீரின் அளவு ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியது. நீர் ஏறும்போது எச்சரிக்க விளக்கும் ஒலியும் உண்டு. வெள்ளம் ஏற இடம் விட்டுவைப்பதே இந்த வடிவமைப்பின் சாரம். ஆடிப்பெருக்கில் காவிரிக் கரையேறும் தண்ணீரைப் படையலிட்டு வரவேற்ற மரபில் வந்தவர்களுக்கு இது புதிய எண்ணம் அல்ல.

விலங்குகளைக் கொண்டுவந்து விடவில்லை. அவை தாமாக வந்தன. முதல் இரண்டு ஆண்டுகளில் உயிரினப் பன்மை 30 விழுக்காடு கூடியதாகக் கணக்கிட்டார்கள். 59 வகைப் பறவைகளும் 22 வகைத் தட்டான்களும் பதிவாயின. 1970களில் சிங்கப்பூரிலிருந்து மறைந்து, 1998இல் சுங்கை பூலோவில் திரும்பத் தென்பட்ட நீர்நாய்கள், 2014 வாக்கில் பீஷானில் குடும்பமாகத் திரிந்தன. நீர்நாயைத்தான் எல்லாரும் படமெடுக்கிறோம். ஆற்றின் நலத்தை அதைவிட நுட்பமாகச் சொல்வது தட்டான். மீன் கிடைத்தால் நீர்நாய் கான்கிரீட் கால்வாயிலும் நீந்தும். தட்டானின் இளம்பருவமோ பல வாரங்கள், சில வகையில் பல மாதங்கள், நீருக்குள்ளேயே கழிகிறது. ஆக்சிஜன் குறைந்தாலும் நீர்ச்செடி இல்லாவிட்டாலும் பல வகைகள் அந்த இடத்தில் பெருக முடியாது.

*இதுவரை:* மாசு வருவதை நிறுத்துவது முதல் படி. ஆற்றுக்கு இடமும் வளைவும் வேர்க்கரையும் திரும்பக் கொடுப்பது அடுத்தது. உயிர்கள் வருவது அதன் விளைவு.

நட்டால் மட்டும் காடு ஆகிவிடாது

கண்டல் எனப்படும் சதுப்புநிலக் காட்டிலும் இதே குழப்பம் இருக்கிறது. சேற்றில் இறங்கிக் கன்று நடுவது மனத்துக்கு நிறைவு தரும், படமும் நன்றாக வரும். ஆனால் பிலிப்பீன்ஸில் பல பத்தாண்டுகளாகப் பெரும்பொருட்செலவில் நட்ட கண்டல் கன்றுகளில் நீண்ட காலம் பிழைத்தவை 10 முதல் 20 விழுக்காடுதான் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நட்ட இடம் தவறு. கண்டல் மரங்களான சுரபுன்னையும் அலையாத்தியும், கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் பகுதியின் மேல்பாதியில் வளர்பவை. எந்நேரமும் நீரில் மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றுத் திட்டில் வேர் மூச்சுவிட முடியாமல் அவை மடிகின்றன.

புலாவ் உபினில் கைவிடப்பட்ட பழைய இறால் குளங்கள் உண்டு. அங்கே கண்டல் காட்டை மீட்கத் தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் இணைந்து நடத்தும் 'ரெஸ்டோர் உபின் மேங்குரோவ்ஸ்' முயற்சி, நடுவதிலிருந்து தொடங்கவில்லை. முதலில் நிலத்தின் உயரத்தையும் கடல்நீர் ஏறி இறங்கும் போக்கையும் அளந்தார்கள். கடல்நீர் சரியான உயரத்தில் வந்து போக வழி இருந்தால், சுரபுன்னையின் முளைவிட்ட காய்கள் தாமாக மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும் என்பதே அந்த முறையின் அடிப்படை. நடுவது எப்போதும் வீண் என்று இதற்குப் பொருளல்ல. எரித்த குப்பையின் சாம்பலைக் கொட்டும் செமாக்காவ் நிரப்புநிலத்தைக் கட்டியபோது அழிந்த கண்டலுக்கு ஈடாக 13.6 ஹெக்டர் நட்டார்கள். அது இன்று செழித்து நிற்கிறது. குப்பைச் சாம்பலிலிருந்து ஏதாவது கசிந்தால் முதலில் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் அந்தக் கண்டல் உதவுகிறது. இடம் சரியாக இருந்தால் நடுவதும் பலிக்கும்.

அப்படியானால் எதைக் கொண்டாடலாம்?

விழாக்கள் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஊர் கூடாமல் நீர்நிலை காக்கப்பட்டதே இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மழைக்கு முன் ஊரார் சேர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் தூர்வாரிய குடிமராமத்து அதற்குச் சான்று. அதன் மதிப்பு தூர்வாரிய ஒரு நாளில் மட்டும் இல்லை. ஆண்டுதோறும் அதே ஏரிக்கு அதே மக்கள் திரும்பினார்கள் என்பதில் இருந்தது.

இங்கும் அப்படிப்பட்ட வேலைகள் நடக்கின்றன. 1992 முதல் சிங்கப்பூரில் நடக்கும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவில் குப்பையை அள்ளுவதோடு எத்தனை உறிஞ்சுகுழாய், எத்தனை புட்டி என்று வகை பிரித்து எண்ணிப் பதிவும் செய்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அந்த எண்ணிக்கைதான் வழி. தேசியப் பூங்காக் கழகம் பொதுமக்களைக் கொண்டு பறவை, வண்ணத்துப்பூச்சி, தட்டான் ஆகியவற்றை எண்ணவைக்கிறது. 'வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி' தொண்டூழியர்கள் மிதிவண்டியிலும் படகிலும் நீர்நிலைகளைச் சுற்றி வருகிறார்கள்.

உங்கள் வட்டாரத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால், ஏற்பாட்டாளரிடம் மரியாதையாகச் சில கேள்விகள் கேளுங்கள். இந்த நீரில் என்ன மாசு, யார் அளந்தது? அது இன்னும் வருகிறதா? நாம் போடும் பொருள் அந்த மாசை என்ன செய்யும்? நட்ட செடியை யார் அறுப்பார்கள், எப்போது? ஆறு மாதம் கழித்துப் பார்க்க யார் வருவார்கள்? பதில் தெரிந்தவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். தெரியாவிட்டால், தெரிந்துகொள்ள அதுவே தொடக்கமாக அமையும்.

தமிழ் அமைப்புகளுக்கு ஒரு யோசனை. காலாங் ஆற்றங்கரையில் பிள்ளைகளோடு ஒரு காலை வேளை தட்டான் எண்ணலாம். தட்டான், ஊசித்தட்டான், நீர்க்கோழி, மீன்கொத்தி, கோரை, சம்பு என்று தமிழ்ப் பெயரோடு ஒரு தாள் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் தாத்தா பாட்டிகளும் சேர்ந்துகொள்வார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் நிறைய இருக்கும். எண்ணும்போது நேரத்தையும் மழையையும் குறித்துக்கொள்ளுங்கள். தட்டான்கள் வெயிலில்தான் அதிகம் பறக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமான டிசம்பரில் எடுத்த எண்ணிக்கையை ஜூன் மாத எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வரக்கூடும். அதனால் அடுத்த ஆண்டும் அதே மாதத்தில், அதே நேரத்தில், அதே இடத்தில் எண்ண வேண்டும்.